கண்ணாடிக்குள் மது, சட்டைப்பையில் சாவி

பாரூர் பெரிய ஏரிக்குப் போகும் வழியில் எனக்கு வேண்டிய ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுச் சமையலறைத் திட்டில் மூன்று கண்ணாடிக் குப்பிகள் ஒரு மரச்சட்டத்துக்குள் வரிசையாக நிற்கும். ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் விளக்கெண்ணெய், மூன்றாவதில் வேப்பெண்ணெய். குப்பிகள் சதுரமானவை. உடம்பெங்கும் வைரப்பட்டை வெட்டு. வெயில் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கையும் மீறி மினுக்கும். இரண்டு குப்பிகளுக்குப் பந்து போன்ற கண்ணாடி மூடி உண்டு. மூன்றாவதன் மூடி எப்போதோ உடைந்துபோக, மக்காச்சோளக் கட்டையைச் செருகி வைத்திருக்கிறார்கள். குப்பிகளின் தலைக்கு மேலே குறுக்காக ஓர் உலோகச் சட்டம், அதன் ஓரத்தில் சாவித்துவாரம். சாவி தொலைந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது, சட்டம் பூட்டாமலே கிடக்கிறது.

"தொர ஊட்டு ஏலத்துல எங்க மாமனார் எடுத்தாந்தது" என்பார் அந்த வீட்டுப் பாட்டி. வெள்ளைக்கார அதிகாரிகள் மாற்றலாகும்போதும் கப்பலேறும்போதும் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுப் போவது அன்றைய வழக்கம். கட்டில், நாற்காலி, பீங்கான், புத்தகம் என்று எல்லாம் அப்படித்தான் ஊர்க்காரர் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. இதுவும் அப்படி வந்ததுதான். அது என்ன பொருள், எதற்காகச் செய்தது என்று பாட்டிக்கு எவரும் சொன்னதில்லை. எண்ணெய் வைக்க வசதியாக இருந்தது, வைத்துக்கொண்டார்.

இதற்கு ஆங்கிலத்தில் டான்டலஸ் என்று பெயர். மதுவை ஊற்றி மேசையில் வைக்கும் டிகேன்டர் குப்பிகளைப் பூட்டி வைக்கும் தாங்கி. அலமாரியைப் பூட்டினால் உள்ளே இருப்பது தெரியாது. இந்தத் தாங்கியிலோ எல்லாம் தெரியும். எந்தக் குப்பியில் எவ்வளவு இருக்கிறது, என்ன நிறம் என்பதுவரை தெரியும். ஆனால் மேற்சட்டம் மூடியை எழும்ப விடாது, குப்பியையும் தூக்க விடாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத நிலை. பெயரும் அதிலிருந்து பிறந்ததுதான். கிரேக்கப் புராணத்து மன்னன் டான்டலஸ் பாதாளத்தில் மோவாய் வரை நீரில் நிற்கிறான். குடிக்கக் குனிந்தால் நீர் வடிந்துவிடும். தலைக்கு மேல் கனி தொங்கும், கை நீட்டினால் காற்று கிளையை விலக்கிவிடும். அவன் செய்த குற்றம் என்ன என்பதில் கதைகள் வேறுபடுகின்றன. தேவர்களின் பந்தியில் உண்டவன் அவர்களுடைய அமுதத்தைத் திருடி மனிதருக்குக் கொடுத்தான் என்பது அவற்றில் ஒன்று. மதுத்தாங்கிக்கு இந்தப் பெயரைத் தேர்ந்தவர்கள் இதை நினைத்தார்களோ என்னவோ, பொருத்தம் அச்சாக அமைந்துவிட்டது. மேலோர் மேசையிலிருந்து கீழோருக்குப் போகும் பானத்தைத் தடுப்பதுதான் இந்தப் பூட்டின் வேலை.

இந்தப் பொருளைப் பற்றிப் பழம்பொருள் ஆர்வலர்கள் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் வெள்ளி முலாம், மர வகை, கண்ணாடி வெட்டு, விலை என்ற அளவில் நின்றுவிடும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி. இந்தப் பூட்டு யாருக்காகப் போடப்பட்டது? அதற்கு விடை தேட, தாங்கி உருவாகி வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சதுரக் குப்பியிலிருந்து தொடங்கலாம். உருண்டைக் குப்பியை ஊதுவது எளிது. சதுரத்துக்கு அச்சு வேண்டும். அப்படியும் சதுரம் ஏன் என்றால், கப்பலில் இடம் வீணாகாமல் பெட்டிக்குள் நெருக்கி அடுக்கலாம், அலையாட்டத்தில் உருளாது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சதுரக் குப்பிகளை அறைபிரித்த மரப்பெட்டிகளில் அடுக்கிச் சாராயம் கொண்டுவந்தார்கள். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அவர்களுடைய துறைகளாக இருந்த காலத்தில் அந்தப் பெட்டிகள் நம் கரையில் இறங்கின. பெட்டிக்கு மூடி உண்டு, மூடிக்குப் பூட்டும் உண்டு. அதன் பின்னே ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளின் பித்தளைப் பட்டையடித்த பயணப்பெட்டிகள் வந்தன. 1791-இல் கார்ன்வாலிஸின் படை திப்புவோடு போரிட்டு ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தபோதும், அதே ஆண்டு நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் மோதித் தோற்றபோதும், படைக்குப் பின்னால் வந்த மாட்டுவண்டிகளிலும் சுமைகூலிகள் தலையிலும் அதிகாரிகளின் மேசைச் சாமான்கள் வந்தன. அந்நாளில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் விரும்பிக் குடித்தது மதீரா. கடல் வெப்பத்தில் கெடாமல் இன்னும் மெருகேறும் மது என்பதால் அதற்கு அத்தனை மதிப்பு.

பூட்டிய பெட்டி எப்போது பூட்டிய கண்ணாடியாக மாறியது? இதற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல, வரியும்தான். ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674-இல் ஈயம் கலந்த கண்ணாடிக்கு உரிமம் பெற்ற பிறகு இங்கிலாந்தில் கனமான, ஒளி சிதறும் கண்ணாடி வந்தது. 1745-இல் கண்ணாடிக்கு எடைப்படி வரி போட்டார்கள். எடை கூடினால் வரி கூடும் என்பதால் கண்ணாடி மெலிந்தது. நூறு ஆண்டு கழித்து 1845-இல் அந்த வரியை எடுத்தார்கள். அதன் பிறகுதான் தடித்த சுவரும் ஆழ்ந்த வைரவெட்டும் கொண்ட குப்பிகள் நடுத்தர வீடுகளுக்கும் எட்டின. 1840-இல் எல்கிங்டன் மின்முலாம் பூசும் முறைக்கு உரிமம் பெற்றிருந்ததால் வெள்ளிபோல் தோன்றும் சட்டங்களும் மலிந்தன. கையில் ஓரளவு காசு புரளும் வழக்கறிஞரும் வணிகரும் தங்கள் சாப்பாட்டறையில் பிரபு வீட்டுப் பளபளப்பைக் கொண்டுவர முடிந்தது.

மதுவின் பெயர் எழுதி, குப்பியின் கழுத்தில் சங்கிலியிட்டுத் தொங்கவிடும் வெள்ளித்தகடுகள் 1730-கள் முதல் வழக்கில் இருந்தன. கல்கத்தாவிலும் சென்னையிலும் இருந்த ஐரோப்பிய வெள்ளிக்கடைகளும் அவற்றைச் செய்தன. 1861-இல் இங்கிலாந்தில் மதுவை ஒற்றைப் புட்டியாக, காகித லேபிளோடு விற்க வழி பிறந்ததும் அந்தத் தகடுகளின் தேவை குறைந்தது. திராட்சை மது புட்டியோடே மேசைக்கு வரத் தொடங்கியது. டிகேன்டரில் தங்கியவை விஸ்கி, பிராந்தி, ஜின், ரம் ஆகியவைதான். திராட்சை மதுவை ஊற்றி வைத்தால் ஓரிரு நாளில் புளித்துவிடும். வடிசாராயம் மாதக்கணக்கில் நிற்கும். எந்நேரமும் மேசை மேல் நிற்கக்கூடிய பானம் என்றால் எந்நேரமும் ஒருவர் கைபோடக்கூடிய பானம் என்றும் பொருள். மூன்று குப்பித் தாங்கி பிறந்த இடம் இதுதான்.

லண்டன் பென்டன்வில் சாலையில் பெட்டிகளும் மேசைச் சாமான்களும் செய்துவந்த ஜார்ஜ் பெட்ஜெமன் அண்ட் சன்ஸ் 1881-இல் டான்டலஸுக்கு உரிமம் பெற்றார்கள். அதற்கு முன்னும் பூட்டும் தாங்கிகள் இருந்தன. பிரான்சில் நான்கு குப்பியும் பதினாறு சிறு கோப்பையும் அடங்கிய, திறந்தால் மாளிகை போல விரியும் பெட்டிகள் பேர்பெற்றவை. பெட்ஜெமன்கள் செய்தது தச்சன் மூளை கண்ட எளிமை. பெட்டியே வேண்டாம். அடிப்பலகை, இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குச் சட்டம், அவ்வளவுதான். பூட்டைத் திறந்தால் சட்டம் ஒருபுறமாக விலகிக் குப்பிகளை விடுவிக்கும். பலவற்றில் அந்தக் குடும்பப் பெயரும் உரிம எண்ணும் பொறித்திருக்கும். அந்தப் பெயர் பின்னர் வேறொரு துறையில் புகழ்பெற்றது. 1972-இல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞரான ஜான் பெட்ஜெமன் இந்தக் குடும்பத்துப் பிள்ளை. தொழிலை ஏற்க மறுத்ததால் தந்தை எர்னெஸ்டுக்கு உண்டான மனவருத்தத்தைத் தம் தன்வரலாற்றுக் கவிதைநூலில் அவரே எழுதியிருக்கிறார். முதல் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மானியப் பெயர் போல ஒலித்ததால் கடைசி எழுத்தொன்றை அந்த வீட்டார் உதறியதும் உண்டு.

மரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எளிய தாங்கிகள் ஓக் மரத்தில் வந்தன. விலையுயர்ந்தவற்றுக்கு, கறுப்பில் தேன்நிற வரி ஓடும் ஒரு கருமரத்தை இழைத்துப் பயன்படுத்தினார்கள். அதற்கு லண்டன் கடைக்காரர்கள் வைத்த பெயர் கொரமாண்டல். நம் சோழமண்டலக் கரைதான். இலங்கைக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் வளரும் கருங்காலி இன மரங்கள் இந்தக் கரை வழியாகக் கப்பலேறியதால் ஒட்டிக்கொண்ட பெயர். வரியோடிய அந்த இலங்கை மரம் வெட்டி வெட்டியே அருகிப் போயிற்று. நம் காட்டு மரம் லண்டனுக்குப் போய்ச் சட்டமாகி, அதே கப்பலில் திரும்பி வந்து நம் ஆள் கை படாமல் குப்பியைக் காத்தது என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தம்தான் மிஞ்சுகிறது.

பாரூர்த் தாங்கி ஓக் மரம். அதற்குச் சாவி செய்ய முடியுமா என்று பார்க்க, ஓசூரில் டூல்ரூமில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஃபிட்டரை அழைத்துப் போனேன். வாசல் வெளிச்சத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, முதலில் சட்டத்தின் திருகாணிகளில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கசடைக் குச்சியால் சுரண்டினார். பூட்டுத் தகட்டை எடுத்ததும் உள்ளே இரண்டு பித்தளை லிவர்கள். ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் கீழே அழுத்திப் பிடித்திருந்தது. ஒரு ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடிந்திருந்தது. சாவியின் பல் அந்த லிவர்களைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் மட்டுமே தாழ்ப்பாளின் முளை நடுவிலுள்ள பிளவுக்குள் நுழையும். கொஞ்சம் குறைந்தாலும் கூடினாலும் முட்டி நிற்கும். வெர்னியரால் அளந்து, பித்தளைத் துண்டில் கோடு கீறி, சின்ன அரத்தால் ராவத் தொடங்கினார். ராவும்போதே ஒன்று சொன்னார்.

"சார், இது திருடனுக்குப் போட்ட பூட்டு இல்ல. மேல பாருங்க, தூக்கறதுக்குக் கைப்பிடி வச்சிருக்கான். திருடன்னா அப்படியே தூக்கினு போயிருவான். இது ஊட்டுக்குள்ளயே இருக்கற ஆளுக்குப் போட்டது."

நான் படித்த எந்தப் பழம்பொருள் குறிப்பிலும் இவ்வளவு தெளிவாக இதைச் சொல்லக் காணோம். கைப்பிடி வைத்த ஒரு பொருளுக்கு ஏன் பூட்டு என்ற கேள்வியிலேயே விடை இருக்கிறது. உள்ளே வந்துபோகிறவர், பொருளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாதவர், மறுநாளும் அதே வீட்டில் வேலைக்கு நிற்க வேண்டியவர். அவர் ஒருவருக்குத்தான் இந்தப் பூட்டு செல்லும். அதாவது வேலைக்காரருக்கு.

பூட்டுத் தொழிலின் பெருமைக் கதைகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். ஜோசப் பிராமா 1784-இல் உரிமம் பெற்ற பூட்டை எவராலும் திறக்க முடியாது என்று லண்டன் பிக்கடில்லிக் கடைச் சன்னலில் வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு அறிவித்தார்கள். 1851 உலகக் கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்தார். பல நாட்களில் பிரித்துச் செலவிட்ட நேரம் 51 மணி. உயர்வகை மதுத்தாங்கிகள் சிலவற்றில் பிராமா பூட்டு இருப்பது உண்மை. பெரும்பாலானவற்றில் இருப்பது பாரூரில் கண்டதைப் போல ஒன்றிரண்டு லிவர் கொண்ட சாதாரணப் பூட்டு. நம் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டில் இருக்கும் உறுதியில் பாதிகூட இதில் கிடையாது. வலுவான பூட்டைச் செய்யத் தெரியாமல் இல்லை, அது தேவைப்படவில்லை. உடைத்தால் உடைத்தது தெரியும், தெரிந்தால் வேலை போகும். அந்த அச்சமே மூன்றாவது லிவர்.

எதற்காகப் பூட்டினார்கள் என்பதற்கு மூன்று விடைகள் வழக்கத்தில் உண்டு. மது விலை அதிகம் என்பது ஒன்று. இது அரைகுறை விடை. வெள்ளிக் கரண்டி அதைவிட விலையுயர்ந்தது, அது மேசையில் திறந்துதான் கிடந்தது. விக்டோரியா காலத்து மது எதிர்ப்பு இயக்கத்தின் பாதிப்பு, வீட்டுப் பிள்ளைகள் குடித்துவிடக் கூடாது என்பது இன்னொன்று. இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் குடியை மறைக்க நினைப்பவர் கண்ணாடியில் வெட்டுப்போட்டு விளக்குக்கு நேரே வைக்க மாட்டார். வேலையாட்கள் மேலிருந்த சந்தேகம் என்பது மூன்றாவது. நான் இதையே ஏற்கிறேன், ஆனால் ஒன்றைச் சேர்த்து. சந்தேகம் மட்டும் என்றால் அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கலாம். விருந்தாளிக்குக் காட்டவும் வேண்டும், விருந்தாளியின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவருக்குத் தடுக்கவும் வேண்டும். ஒரே அறையில் இருவர் பார்க்கிறார்கள். ஒருவருக்கு அது வரவேற்பு, மற்றவருக்கு எச்சரிக்கை. இரண்டையும் ஒரே பொருளால் சொல்லத்தான் கண்ணாடியும் பூட்டும் சேர்ந்தன.

இங்கிலாந்தில் பின்னால் நின்றவர் அதே நாட்டு ஏழை. நம் ஊரில் பின்னால் நின்றவர் நம்மவர். சென்னை மாகாணத்துத் துரை வீடுகளில் பட்லர், சமையற்காரர், மேட்டி என்ற எடுபிடி, தண்ணீர்க்காரர், குதிரைக்காரர் என்று ஒரு பட்டாளமே வேலை பார்த்தது. அவர்களில் பலர் ஊரில் குடியிருக்க மனையும் உழ நிலமும் மறுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். துரை வீட்டு வேலை அவர்களுக்குப் பண்ணையடிமைத்தனத்திலிருந்து விலகும் ஒரு வாசலாக இருந்தது. அந்த வாசலிலும் பூட்டு இருந்தது. ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் 1880-களின் இறுதியில் வெளியிட்ட இந்திய இல்லப் பராமரிப்புக் கையேடு, சாமான் அறையைப் பூட்டி, அன்றாடத் தேவையை எஜமானியே அளந்து கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. 1878-இல் சென்னையில் வெளியான வைவர்னின் சமையல் நூலில் பட்லருக்கெல்லாம் ராமசாமி என்றே பெயர். வைவர்ன் என்பது கர்னல் கென்னி ஹெர்பர்ட்டின் புனைபெயர். தம் பெயரை அவர் மறைத்துக்கொண்டார். சமைத்துப் போட்டவருக்கோ சொந்தப் பெயரே இல்லாமல் போயிற்று. துரைமார் எழுதிய நினைவுக்குறிப்புகள் அலமாரி அலமாரியாகக் கிடைக்கின்றன. குப்பியைத் துடைத்து, அளவு குறையவில்லை என்று காட்டி, சாவிக்காகக் கைகட்டி நின்றவர் எழுதிய குறிப்பு ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

நியாயமாக நம் வீட்டையும் சொல்ல வேண்டும். மாமியார் இடுப்பில் சாவிக்கொத்தும் மருமகள் கையில் காலிப் பாத்திரமும் நமக்குப் புதிதல்ல. நெய் ஜாடியும் காபித்தூள் டப்பாவும் பூட்டில் இருந்த வீடுகள் எத்தனையோ. ஆனால் நம் பெட்டகமும் பத்தாயமும் மறைத்துப் பூட்டுபவை. காட்டிப் பூட்டும் பழக்கம் இந்தத் தாங்கியோடுதான் இங்கே வந்தது. மதுவைப் பொறுத்தவரை இன்னும் பழைய சித்திரம் ஒன்று நம்மிடம் உண்டு. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மதுவை மகளிர் பொற்கிண்ணத்தில் ஊட்ட மகிழ்ந்திருக்கும்படி வாழ்த்துகிறார், புறநானூற்றின் 56-ஆம் பாட்டில். அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடி ஓடுகள் அந்தப் பாட்டுக்குச் சாட்சி. அந்தச் சாடிகள் கடற்பயணத்துக்காக வாய் அடைக்கப்பட்டவை. வந்து சேர்ந்ததும் அடைப்பை உடைத்தால் எல்லாருக்கும் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

இனி பாரூர் இருக்கும் இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வருகிறேன். டான்டலஸ் தாங்கியின் கதை எங்கெங்கோ நடந்திருக்கலாம். அது தலைகீழாகப் புரண்டது இந்த மண்ணில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

பாரூர் அடங்கிய பாராமகால் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கம்பெனி கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799-இல், திப்பு வீழ்ந்த பிறகு சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டர். தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். திப்பு தம் ஆட்சிப் பகுதியில் மதுவை விலக்க முனைந்தவர். கம்பெனியும் பின்னர் வந்த அரசும் அதை வருவாயாகப் பார்த்தன. கள்ளிறக்கும் மரத்துக்கு எண் போட்டு மரவரி வசூலித்தார்கள். சாராயக் கடைகளை ஆண்டுதோறும் ஏலம் விட்டார்கள். 1886-இன் சென்னை ஆப்காரிச் சட்டம் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி உறுதியாக்கியது. மத்திகிரியில் 1824 முதல் நடந்த குதிரைப் பண்ணையிலும், கலெக்டர் பிரெட் ஓசூரில் இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையைப் போலக் கட்டிய மாளிகையிலும் இரவுச் சாப்பாட்டு மேசைகள் இருந்தன. அந்த மேசையில் மது சாவிக்குள் இருக்கும். அந்த மேசைக்காரர்களின் அரசு நடத்திய ஏலத்தில் எடுத்த கடை, சேரி முனையில் பகலெல்லாம் திறந்திருக்கும். தங்கள் வீட்டு வேலையாள் ஒரு மிடறு குடித்துவிடுவானோ என்று பூட்டியவர்கள், அதே வேலையாள் தன் கூலியைக் கடையில் கொண்டுபோய்க் கொட்டுவதைக் கணக்கில் வரவாக எழுதினார்கள். இந்த இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்காமல் இந்தத் தாங்கியை வெறும் அழகுப்பொருளாகப் பேச என்னால் முடியவில்லை.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் முதல்வரானார். அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி மாகாணத்திலேயே முதலாவதாக மதுவிலக்கு வந்த மாவட்டம், அவருடைய சொந்த சேலம் மாவட்டம். ஓசூர், கிருஷ்ணகிரி, பாரூர் எல்லாம் அன்று அதற்குள் இருந்தன. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல், கிருஷ்ணகிரி 2004-இல். கடைகள் மூடின. மரமேறிகள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சப் பழக வேண்டியிருந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. பூட்டு முதன்முறையாக மேசையிலிருந்து இறங்கி ஊருக்குப் போடப்பட்டது. அந்தப் பூட்டின் பலனைப் பெண்கள் எப்படி உணர்ந்தார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாரக்கூலி முழுதாக வீடு வந்தது என்பார்கள். அதேசமயம் உரிமத்துக்கும் அனுமதிச் சீட்டுக்கும் சட்டத்திலேயே இடம் இருந்தது. பெரிய மேசைக்குச் சாவி முழுதாகப் பறிபோகவில்லை. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோதும் பர்மிட் என்ற சொல் தமிழில் ஒரு தகுதியின் பெயராகவே புழங்கியது.

பிறகு நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். 1971-இல் திறந்தது, 1974-இல் மூடியது, 1981-இல் மறுபடி திறந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே போனது. ஜுஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கே கர்நாடகத்து விலை. மூடியிருந்த ஆண்டுகளிலும் திறந்திருக்கும் ஆண்டுகளிலும் எல்லையோர மக்களுக்கு அந்தச் சாலை இன்னொரு சாவித்துவாரம். டாஸ்மாக் கடை முன் நின்று பாருங்கள். புட்டிகள் அடுக்கி வைத்திருப்பது தெரியும். நடுவே இரும்புக் கம்பி வலை. காசும் கையும் மட்டும் நுழைய ஓர் ஓட்டை. தொழிற்பேட்டை ஷிப்ட் முடிந்து வரிசையில் நிற்பவரை அந்த வலைக்குப் பின்னாலிருந்து பார்க்கும் பார்வையில், நாற்காலிக்குப் பின்னால் நின்ற பட்லரைப் பார்த்த பார்வை அப்படியே மாறாமல் இருக்கிறது.

இத்தகைய தாங்கி உங்கள் வீட்டில் இருந்தாலோ, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கண்ணில் பட்டாலோ சிலவற்றைக் கவனியுங்கள். குப்பியின் கழுத்திலும் மூடியின் அடித்தண்டிலும் ஒரே எண் கீறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு மூடியையும் அதனதன் குப்பிக்கென்றே அரைத்து இழைத்ததால் எண் மாறினால் பொருந்தாது. குப்பியின் அடி விளிம்பில் நூற்றாண்டுத் தேய்மானம் மெல்லிய கீறல்களாகத் தெரியும். புதிதாய்ச் செய்ததில் அது இருக்காது, அல்லது ஒரே திசையில் ராவியிருக்கும். நூறாண்டு கடந்த கலைப்பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருவதால் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஈயக் கண்ணாடியில் மதுவையோ புளிப்பான எதையுமோ ஊற்றி வைக்காதீர்கள். ஈயக் கண்ணாடிக் குப்பியில் மாதக்கணக்கில் வைத்த மதுவில் ஈயத்தின் அளவு பல மடங்கு ஏறுவதை 1991-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

அதைப் படித்த பிறகுதான் பாரூர்ப் பாட்டியிடம் அந்தக் குப்பிகளில் சமையல் எண்ணெய் வேண்டாம் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. நல்லெண்ணெயைத் தூக்குச்சட்டிக்கு மாற்றினார். ஃபிட்டர் செய்த பித்தளைச் சாவி ஒடிந்த ஸ்பிரிங்கையும் மாற்றிய பின் இரண்டு சுற்று சுற்றி, சட்டத்தைப் பூட்டி, பிறகு டக்கென்று விடுவித்தது. சாவியைப் பாட்டி கையில் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத்த பூட்டி வச்சிக்கினு யார்கிட்ட இருந்து ஒளிக்கறது? நானும் என் பேத்தியுந்தான ஊட்ல இருக்கறம்."

சட்டம் திறந்தபடியே இருக்கட்டும் என்று விட்டோம். குப்பிகளை மட்டும் கழுவித் தரச் சொன்னார். ஒரு பிடி அரிசியும் வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சோப்பும் போட்டுக் குலுக்கினால் கண்ணாடி உள்ளே கீறாமல் பிசுக்கு போகும். பேத்தி கிணற்றடியில் உட்கார்ந்து குலுக்கினாள். இரண்டு குப்பிகள் பளிச்சென்று ஆகிவிட்டன. விளக்கெண்ணெய் இருந்த நடுக்குப்பி நான்குமுறை குலுக்கியும் அடிமூலையில் மஞ்சள் படலத்தை விடவில்லை. அதை அரிசியும் நீருமாக ஊறப்போட்டுவிட்டு, இருட்டுவதற்குள் நாங்கள் ஓசூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினோம்.